சாங்கி வழியாகப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் மெல்பர்னில் குடியேறியதிலிருந்து சென்னைக்கும் மெல்பர்னுக்கும் நடுவே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் எனக்குப் பழகிய சந்திப்பாகிவிட்டது. உறவினர்களும் தெருக்காரர்களும் பயணத்துக்கு முந்தைய வாரம் தொலைபேசியில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவ்வளவு பெரிய இடத்தில் வழி தெரியாமல் தொலைந்துபோய்விடுவேனா?

மாட்டீர்கள். 1981இல் ஒரே முனையத்துடன் தொடங்கிய சாங்கியில் இன்று நான்கு முனையங்கள் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 77 லட்சம் பயணிகள் கடந்துபோனார்கள். ஆனாலும் அங்கே வழி தவறுவது கடினம். விமானத்தைத் தவறவிடுவதுதான் எளிது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வழிக்கு ஒரு சூத்திரம் போதும். போர்டிங் பாஸில் உள்ள வாயில் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஏ, பி என்றால் மூன்றாம் முனையம். சி, டி என்றால் முதலாம் முனையம். இ, எஃப் என்றால் இரண்டாம் முனையம். ஜி, எச் என்றால் நான்காம் முனையம். முதல் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஸ்கைட்ரெயின் என்ற இலவசக் குட்டி ரயிலில் சில நிமிடங்களில் மாறிவிடலாம், கால் வலு இருந்தால் நடந்தும் போகலாம். நான்காம் முனையம் மட்டும் தனித்து நிற்கிறது. அதற்கு இலவசப் பேருந்துதான் வழி. உங்கள் இரண்டு விமானங்களில் ஒன்று அங்கே என்றால் கணக்கில் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விலையை மட்டும் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், சிங்கப்பூரிலிருந்து மெல்பர்னுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் மிஞ்சும். மிஞ்சிய பணத்துக்கு என்ன விலை என்பது சாங்கியில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

தனித்தனி டிக்கெட்டில், பொதுவாக, பெட்டி சிங்கப்பூர் வரைதான் வரும். நீங்கள் குடிநுழைவை (இமிகிரேஷனை) கடந்து வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடி புறப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, புதிதாகப் போட வேண்டும். வெளியே போவதற்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு விசா வேண்டும் (ஒரு சலுகை உண்டு, கீழே சொல்கிறேன்). விசா இல்லை என்றால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. வயதானவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகளை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பார்க்கிறேன்.

சென்னையில் பெட்டியைப் போடும்போது கவுண்டரில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெட்டி எதுவரை போகிறது?" பிறகு பெட்டியில் ஒட்டிய சீட்டில் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர், எம்.ஈ.எல். என்றால் மெல்பர்ன். திரும்பி வரும்போது எம்.ஏ.ஏ. என்றிருக்கும். ஊர் பெயர் சென்னை என்று மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டிச்சீட்டில் இன்னும் மெட்ராஸ்தான்.

நள்ளிரவு விமானத்துக்கு எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும்?

சிரிக்காதீர்கள், படித்தவர்களும் ஏமாறும் இடம் இது. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:15 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மீனம்பாக்கம் போக வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரமே அச்சாகியிருக்கும். கைக்கடிகாரம் கட்டுபவர்கள் இறங்கியதும் முள்ளைத் திருப்பிவிடுங்கள்.

கடவுச்சீட்டில் எனக்கு ஒரே பெயர்தான். சிக்கல் வருமா?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் மட்டுமே. சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும்; சிலருக்கு அப்பா பெயர் அங்கே விரிந்து நிற்கும்; ஆதாரில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம்.

விமான நிலையத்தில் பேசுவது கடவுச்சீட்டு மட்டுமே. டிக்கெட், விசா, சிங்கப்பூருக்குள் போகிறவர்கள் நிரப்பும் வருகை அட்டை மூன்றிலும் அதில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் டிக்கெட் பதியும்போது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அங்கே எதை நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது: சிலர் அதே பெயரைத் திரும்பப் போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு சொல்வார்கள். பணம் கட்டும் முன் நிறுவனத்தையே கேட்டுவிடுங்கள். துபாய் வழியை யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. முடிந்தால் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அலைந்தால் பிறகு நிம்மதி.

இடையில் விமானம் மாறுவதற்கு மட்டும் சிங்கப்பூர் விசா தேவையா?

ஒரே டிக்கெட், பெட்டி நேராகப் போகிறது, உள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறீர்கள் என்றால் தேவையில்லை. வெளியே கால் வைத்தால் இந்தியர்களுக்கு விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய வருகைக்கு விசா வேண்டாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்கள், சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகும்போது 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் வெளியே போக ஒரு சலுகை இருக்கிறது. நிபந்தனைகள் உண்டு; கடைசிச் சொல் அதிகாரியுடையது.

வெளியே போகிறவர்கள் எல்லோரும் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், அதற்கு முன்னால் முடியாது. கட்டணம் இல்லை. இணையத்தில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். நாம் 'இமிகிரேஷன்' என்பதை அங்கே 'குடிநுழைவு' என்று அழகாக எழுதியிருப்பார்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். அனுமதி மின்னஞ்சலில் வரும். ஆகவே மின்னஞ்சல் முகவரியைப் பிழையில்லாமல் கொடுங்கள்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் வேண்டும்?

ஒரே டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் சமாளிக்கலாம். தனியாளுக்கு இரண்டு மணி நேரம் வசதி. குழந்தையோ முதியவரோ உடன் வந்தால் மூன்று. தனித்தனி டிக்கெட் என்றால் ஐந்துக்குக் குறைவாக நான் துணிய மாட்டேன்.

விமானத்தைத் தவறவிடுவது எளிது என்றீர்களே, ஏன்?

சென்னையில் பாதுகாப்புச் சோதனை முதலிலேயே முடிந்துவிடும். பிறகு வாயிலருகே போய் உட்கார்ந்தால் போதும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமான வாயிலிலேயே நடக்கிறது. பையை எந்திரத்தில் வைப்பது, இடுப்புவாரைக் கழற்றுவது எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான். வாயில் அருகில்தானே என்று காபி குடித்துக்கொண்டிருப்பவர், அங்கே போனால் முந்நூறு பேர் வரிசையில் நிற்பதைப் பார்ப்பார். நான்காம் முனையத்தில் மட்டும் நம் ஊர் போல எல்லோருக்கும் ஒரே இடத்தில் சோதனை.

அறிவிப்புகளையும் அங்கே மிகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இன்னார் உடனே வரவும் என்று ஒலிபெருக்கியில் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் விமானம் போயிருக்கும். திரையைப் பார்ப்பது உங்கள் வேலை. வாயில் மாறினாலும் திரையில்தான் தெரியும்.

நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டத்தில் ஒரு கறுப்புச் சிறகுக்காரி என் சட்டையில் வந்து அமர்ந்தாள். அவள் பறக்கும்வரை படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்து திரையைப் பார்த்தால் 'கடைசி அழைப்பு'. வாயிலோ நீண்ட கூடத்தின் மறுகோடியில். அறுபது வயதில் ஓடியது அன்றுதான். ஏறிவிட்டேன், ஆனால் மெல்பர்ன் வரை முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பே வாயிலில் இருங்கள். உள்ளே நுழையும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், சோதனைக்குப் பிறகு உட்காரும் அறைகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிடுங்கள். மற்ற நேரங்களில் குழாயில் பிடித்துக் குடிக்கலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது.

கைப்பையில் நெய், ஊறுகாய், பொடி எடுத்துப்போகலாமா?

திரவமோ, கூழோ, களிம்போ ஒரு கொள்கலனில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. நெய், ஊறுகாய், தொக்கு, தேன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சுருக்கமாக: இட்லி போகும், சட்னி போகாது. பெரிய டப்பாக்களைப் பெட்டியில் போடுங்கள். சென்னையில் விட்டுவிட்டார்களே என்று மகிழ வேண்டாம், சாங்கி வாயிலில் இரண்டாவது சோதனை காத்திருக்கிறது.

அமெரிக்கா போகிறவர்கள் சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடிகளையும் பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. அங்கே போகும் விமானங்களில் 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைத்திருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதப்படுகிறது, வீட்டிலேயே இருக்கட்டும்.

பவர் பேங்க் நேர்மாறு: பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில் மட்டும். 100 வாட் அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் 20,000 மில்லி ஆம்பியர் அவர் பவர் பேங்க் சுமார் 74 வாட் அவர்தான் வரும். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதுதான் இப்போது பிரச்சினை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றத் தடை விதித்திருக்கிறது.

சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாதவை?

முதலில் கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அது அபின் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கண்ணில் தடைப் பொருள். அமீரகத்திலும் அப்படியே. மகளுக்கு மசாலா கட்டிக்கொடுக்கும் அம்மாக்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

மின் சிகரெட்டுக்கு முழுத் தடை. சூயிங் கம் இறக்குமதிக்கும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒரு குச்சிக்குக்கூட இல்லை. இறைச்சியும் முட்டையும் அனுமதி பெற்ற நாடுகளிலிருந்து மட்டுமே வரலாம். தூக்க மாத்திரை, மனநல மருந்து, வீரியமான வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டுடனும் அசல் அட்டையுடனும் எடுத்துப்போங்கள். சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போதைப்பொருளுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு. ஆகவே முன்பின் தெரியாதவர் 'ஊரில் கொடுத்துவிடுங்கள்' என்று நீட்டும் பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள். இரக்கத்துக்கு அது இடமல்ல.

அம்மா தனியாக வருகிறார். ஆங்கிலம் தெரியாது. எப்படிச் சமாளிப்பார்?

டிக்கெட் பதியும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். "நான் நன்றாகத்தானே நடக்கிறேன், நொண்டியா?" என்று அம்மா கோபித்துக்கொள்வார். நடக்க முடியாததற்காக அல்ல, வழிகாட்ட ஒருவர் கூடவே வருவார் என்பதற்காகத்தான் என்று புரியவையுங்கள். விமானக் கதவிலேயே ஆள் நிற்பார். அடுத்த வாயில் வரை கொண்டுபோய் விடுவார். இடையில் நேரம் இருந்தால் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவார்கள். 'மறந்துவிட்டார்கள்' என்று பயந்து எழுந்து தானாக நடக்கத் தொடங்குவதுதான் ஆபத்து. அங்கேயே இருக்கச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கழுத்துப்பையில் வையுங்கள்: பெயர், இரண்டு விமான எண்கள், நேரங்கள், போய்ச்சேரும் ஊர், உங்கள் தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டுடன், சாப்பிடும் மருந்துகள், 'எனக்குத் தமிழ் மட்டும் தெரியும்' என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரி சாங்கியில் நன்றாகவே வேலை செய்யும். தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. காவலரிலும் துப்புரவாளரிலும் கடைக்காரரிலும் தமிழ் பேசுபவர் ஒருவராவது கண்ணில் படுவார். "தம்பி, தமிழா?" என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை, ஒரு போர்வை கைப்பையில் இருக்கட்டும். அங்கே குளிரூட்டலில் நம்மவர்கள் நடுங்குவார்கள். சைவ உணவை நீங்களே முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் ரொட்டியும் பழமும்தான்.

அந்தப் பெரிய அருவியைப் பார்க்கலாமா?

விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறந்த ஜுவல் என்ற கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி, கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. ஆனால் பலர் ஏமாறுகிறார்கள்: ஜுவல் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. விமானம் மாறுபவர்கள் வெளியே போகும் தகுதி இருந்தால்தான் அருகில் போக முடியும். விசா இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது. கண்ணாடி வழியே சில நொடிகள் அருவி தெரியும். ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தால் இரண்டு தரிசனம், செலவு இல்லை.

ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். என்ன செய்வது?

ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் என்றால் இலவச நகரச் சுற்றுலா இருக்கிறது. நுழைவுத் தகுதி வேண்டும். உள்ளேயே இருப்பவர்களுக்கு மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம், இலவசத் திரையரங்கு; இரண்டாவதில் சூரியகாந்தித் தோட்டம்; முதலாவதில் கள்ளித் தோட்டம். பட்டாம்பூச்சிகளைப் பகலில் பாருங்கள், இரவில் அவையும் தூங்கும். நீங்கள் தூங்குவதாக இருந்தால் சாய்விருக்கைகள் உண்டு. அலாரம் வைத்துவிட்டுக் கண் மூடுங்கள், கடவுச்சீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

ஊருக்குள் போக எது வசதி?

எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் மலிவு. நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில். தானா மேரா நிலையத்தில் வண்டி மாற வேண்டும். வங்கி அட்டையையே தட்டிப் போகலாம். இரவு பதினொரு மணிக்கு மேல் இறங்குபவர்கள் ரயிலை நம்ப வேண்டாம். டாக்சிதான், அதற்கு விமான நிலையக் கூடுதல் கட்டணமாகச் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேரும்.

வழியனுப்ப உள்ளே வாயில் வரை வரலாமா?

பேரனை வாயில் வரை கொண்டுவிட மலிவாக ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, பறக்காமல் திரும்பிப் போகும் யோசனை சிங்கப்பூர்வாழ் நம்மவர்களில் சிலருக்கு வருகிறது. அங்கே அது குற்றம். பயணம் செய்யும் எண்ணம் இல்லாமல் போர்டிங் பாஸைப் பயன்படுத்தி உள்ளே வந்தவர்களைக் கைது செய்திருக்கிறார்கள். அழுகையை வெளிக்கூடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. என்ன செய்ய?

கூடத்தை விட்டு வெளியேறும் முன் அங்கேயே உள்ள கவுண்டரில் புகார் எழுதிக்கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிக் கொடுத்த சிறு சீட்டில்தான் பெட்டியின் எண் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் நிறம் என்ன என்று கேட்பார்கள். எல்லோருடையதும் கறுப்புதான், ஆகவே கிளம்பும் முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்திருங்கள். என் மனைவி கைப்பிடியில் பழைய சுங்குடிச் சேலைத் துண்டைக் கட்டுகிறாள். சுழலும் பட்டையில் அரை மைல் தூரத்திலிருந்தே தெரிகிறது.